ஏழாம் நம்பர் அறையும் என் கோல்டு கார்டும்

இந்த ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மதியம், திருத்தணியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, பன்னிரண்டு வருடங்களில் முதல் முறையாக வேறு அறை கேட்டேன்.

கேட்டது என் மனைவி சாந்திக்காக.

வருடா வருடம் மஞ்சள் புடவை கட்டி, புஷ்பக் காவடி தூக்கி, முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறுகிறவள் அவள். நான் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலும் மூச்சிரைப்புமாகப் போவேன். இந்த வருடம் நான்கு மாதம் முன்பு அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். மலைப்படி இந்த ஆண்டு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருத்திகைக் கூட்டத்தில் எப்படியாவது வண்டியில் மேலே போய் இறங்கினாலும், வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டுமே...

"பரவாயில்லீங்க. மலை தெரியற மாதிரி ஒரு ஜன்னல் கிடைச்சா போதும். படுத்துக்கிட்டே பார்த்துக்கறேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல்தானே? நான் யார்? ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்தின் கோல்டு மெம்பர் அல்லவா!

வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் ஹோட்டலில் தூங்குகிறவன் நான். அந்தக் கார்டு வந்ததைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியதிலிருந்து நீங்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் — நிஜமாகவே நல்ல ரூம் தருவார்களா சார்? தருவார்கள். 'காலியாக இருந்தால்' என்று கார்டோடு வந்த கடிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் போகிற நாளில் காலியாக இருக்காது.

போன மாதம் ஹைதராபாத்தில் ரிசப்ஷன் பெண் கண்களை அகல விரித்து, "உங்களுக்கு அப்கிரேட் சார்!" என்றாள். மிதந்துகொண்டே லிஃப்டில் போனேன். அதே அறை. அதே கட்டில். ஜன்னலுக்குக் கீழே அதே கார் பார்க்கிங்... இரண்டு மாடி கூடுதல் உயரத்திலிருந்து. மேஜையில் ஒரு தட்டில் இரண்டு ஆப்பிள். எனக்கு முன்னால் நின்ற ஜோடி "கல்யாணமாகி மூணு நாள்தான் ஆகுது" என்று சொல்லி, கார்டே இல்லாமல் ஏரி தெரியும் அறையை வாங்கிக்கொண்டு போனது வேறு விஷயம்.

திருத்தணிக்கு வருவோம். இங்கே கார்டும் கிடையாது, பாயின்ட்டும் கிடையாது. அரக்கோணத்திலிருந்து தினமும் வருகிற பஷீர் பாய் உண்டு. மேனேஜர், ரிசப்ஷனிஸ்ட் எல்லாம் அவர்தான். எங்களைப் பார்த்ததும் சாவியோடு எழுந்துவிட்டார்.

ஏழாம் நம்பர் சாவி.

வருடா வருடம் ஏழுதான். கீழ்த்தளத்தில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் ஒன்றரை அடியில் தண்ணீர்த் தொட்டியின் சுவர். அதில் பாசி எந்த வருடம் எவ்வளவு ஏறியது என்பது எனக்கு மனப்பாடம்.

"பாய்... இந்த வாட்டி மலை தெரியற ரூம் ஏதாவது...?"

நீட்டிய சாவி பாதியில் நின்றது.

"இன்னா சார் சொல்றீங்க? ஏழு வாணாமா? ஒரு வாரமா பூட்டி வெச்சிகினு கீறேன் சார். எத்தினி பேரு சிபாரிசோட வந்தாங்க தெரியுமா? அது சாரோட ரூமுன்னு அனுப்சிட்டேன்."

"இல்லே பாய்... அது வந்து..."

"நீங்கதான சார் மொத வருசம் சொன்னீங்க? 'ரூம் அருமை பாய், இந்த அமைதி எங்கயும் கெடைக்காது'ன்னு? அதனாலதான் நீங்க மதியானம் தூங்கற நேரத்துல நான் மோட்டரே போட மாட்டேன். மாடியில தண்ணி வரலன்னு கத்துவாங்க. கத்திகினு இருக்கட்டும்னு வுட்டுடுவேன்."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். நெரிசலில் மிச்சமிருந்த ஒரே அறையைக் கொடுத்த மனிதரிடம், கிளம்பும்போது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. சுத்தப் பொய். அந்தப் பொய்யை மனுஷர் இத்தனை வருடமாகப் பத்திரமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்! கோல்டு கார்டின் கம்ப்யூட்டர் நான் தூங்கிய இரவுகளை எண்ணுகிறது. என் தூக்கத்துக்காக அது ஒரு நாளும் மோட்டாரை நிறுத்தியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சாந்தி முந்திக்கொண்டாள். "பாய், எனக்குக் கால் ஆபரேஷன். இந்த வருஷம் மேல போக முடியாது. அதான் ஜன்னல் கேட்டோம்."

பாயின் முகமே மாறிவிட்டது. "அய்யய்யோ... இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மலை நல்லா தெரியறது பதினொண்ணுதான். அதுல சித்தூர்க்காரங்க கீறாங்க. இப்பதான் மொத தடவ வராங்க. மலை தெரியணும்னு கேட்டாங்க, குட்த்துட்டேன்."

முதல் தடவை. கேட்டார்கள். கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லை!

பாய் மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது கூடவே மஞ்சள் வேட்டியில் ஒருவர்.

"நீங்க எடுத்துக்கோங்கக்கா. எங்களுக்கு பேக் வெக்க இடம் இருந்தா போதும். எங்க நைனாவக் கூட்டிகினு இப்பவே மலை ஏறப் போறோம். எழுவத்திரெண்டு வயசு... இருங்கன்னா இருக்க மாட்டேங்கறாரு."

"ஆனா மாடி ஏறணுமேம்மா" என்று பாய் தயங்கினார். "பதினெட்டு படி கீது."

சாந்தி படிக்கட்டைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி. நான் பின்னாலேயே, அதே தண்ணீர் பாட்டிலோடு. பாதியில் அவள் நெற்றி வியர்த்துவிட்டது.

"முடியலன்னா இறங்கிடலாம் சாந்தி..."

"பேசாம வாங்க."

ஏறிவிட்டாள்.

பதினொன்றாம் நம்பரில் ஜன்னல் முழுக்க மலை. முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பாய் வழக்கம்போல மோட்டாரை நிறுத்தியிருந்தார் — நான் தூங்குவதற்காக! நான் கத்தவில்லை. பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டேன்.

வெளியே மழை வருமா வராதா என்று ஒரு வானம். படிகளில் மஞ்சள் மஞ்சளாகக் காவடிகள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் நடப்பதாகவே தெரியவில்லை, மலைதான் அவர்களை மெல்ல மேலே இழுத்துக்கொள்கிறது. 'அரோகரா' சத்தம் காற்றடித்தால் வந்தது. காற்று நின்றால் அதுவும் நின்றது.

பொழுது சாய்ந்ததும் விளக்குகள் எரிந்தன. அடிவாரத்திலிருந்து கோபுரம் வரை ஒரே வெளிச்சக் கோடு. சாந்தி தலையணையில் சாய்ந்தபடி கையை நீட்டி, அந்தக் கோட்டின் மேல் விரலால் நடக்க ஆரம்பித்தாள். நான் விழித்திருந்தேனா, தூங்கிவிட்டேனா? தெரியவில்லை. இரண்டு பேரும் மூச்சே இரைக்காமல் ஏறிக்கொண்டிருந்தோம். காவடிப் பூ என் கன்னத்தில் உரசியது. கண்ணைத் திறந்தால் அதே ஜன்னல், அதே விளக்குகள். அவள் விரல் இன்னும் அந்தரத்தில் இருந்தது.

"எங்கே இருக்கே?" என்றேன்.

"பாதி வழியில" என்றாள்.

கிருத்திகை முடிந்து கிளம்பும்போது பாய் சொன்னார்: "இனிமே வருசா வருசம் பதினொண்ணுதான் சார் உங்களுக்கு. ஒரு வாரம் முன்னாடியே பூட்டி வெச்சிடறேன்."

ஆஹா! பன்னிரண்டு வருட விசுவாசத்துக்கு ஒருவழியாக அப்கிரேட்! நான் கை கூப்பப் போனேன்.

"வேண்டாம் பாய். ஏழே போதும்" என்றாள் சாந்தி.

"ஏம்மா? அதுல மலை தெரியாதே!"

"எதுக்குத் தெரியணும்? அடுத்த வருஷம் நானே மலை மேலதான இருக்கப் போறேன். பதினெட்டுப் படி ஏறிட்டேன் பாய். இன்னும் முந்நூத்தி நாற்பத்தேழுதானே மிச்சம்..."

"ஆங்... சரிம்மா" என்று பாய் ஏழாம் நம்பர் சாவியைத் தனியாக ஒரு ஆணியில் மாட்டினார்.

அந்தத் தொட்டிச் சுவரைப் பார்க்க எனக்கு இப்போதே ஆசையாக இருக்கிறது.