தொரட்டி இல்லாத வீடு

நாச்சியாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமரம் உண்டு, காய் பறிக்கத் தொரட்டி கிடையாது. அண்ணன் இருந்ததால் அது தேவைப்படவில்லை. அம்மா ஒரு காயைக் கைகாட்டுவாள். அவன் முழங்கையை மடக்கி ஒரு கல்லை விடுவான். காம்பு அறுந்து காய் அவள் முந்தானையில் விழும். கல் காயில் பட்டுவிட்டால் அன்று முழுக்க நான் அவனைக் கேலி செய்யலாம். அந்த வாய்ப்பு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

கிரிக்கெட்டில் அந்தக் கையே அவனுக்கு எமனாக வந்தது. முழங்கையை மடக்கிப் பந்து போட்டால் எங்கள் பக்கம் "மாங்கா எறியிறான்" என்பார்கள். ஊர் டீமில் அவனைப் பந்தைத் தொடவே விடவில்லை, பெயரே மாங்கா என்றாகிவிட்டது. காரைக்குடியில் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே பேஸ்பாலுக்கு ஆள் சேர்த்தார்கள். மட்டையைக் கொடுத்தார்கள்; பந்தை வேலிக்கு அங்குட்டு அனுப்பினான். பந்தைக் கொடுத்தார்கள், எறிந்தான். "இப்படித்தாம்ப்பா எறியணும்" என்றாராம் பி.டி. சார். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடமும் என்னிடமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச காலம் இரண்டையும் செய்தான். அடிப்பதில்தான் அவனுக்கு உயிர். ஆனால், "அடிக்க ஆளிருக்கு, எறியத்தான் ஆளில்ல" என்று சார் மட்டையை வாங்கி வைத்துவிட்டு அவனை முழுநேரப் பிட்சர் ஆக்கினார். எல்லா ஆட்டத்திலும் அவன் ஒருவனே எறிந்தான். முழங்கையும் தோளும் வீங்கின. அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். "சார்ட்ட சொல்லுண்ணே" என்றேன். "மாங்கான்னு எல்லாரும் சிரிச்ச கைய நல்ல கைன்னு சொன்னது அவுக ஒருத்தர்தான். அவுககிட்டப் போயி வலிக்குதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றான். அந்த சார் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கெட்டவர் இல்லை என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று மதுரைக்குத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா இல்லாத எங்கள் வீடு அந்த வேலையைத்தான் நம்பியிருந்தது. துணைக்கு நானும் போனேன். அவன் எறிந்த பந்து பாதி வழியிலேயே தரையில் விழுந்து உருண்டது. "நான் நல்லா அடிப்பேன் சார், ஒரு தடவ மட்டையக் குடுத்துப் பாருங்க" என்று கேட்டான். "பிட்சராத்தானேப்பா ஆடியிருக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் திருப்பத்தூர் வரை அவன் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தான். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். மேல்தட்டில் இருப்பதை இடது கையால் எடுக்கிறான். வலது கை இனி தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மரம் கொள்ளாமல் காய்த்திருந்தது. "கொழம்புக்கு ரெண்டு காய் பறிச்சுத் தா, ஆத்தா" என்று அம்மா சுவரோரம் கை காட்டினாள். புதுத் தொரட்டி ஒன்று சாய்ந்திருந்தது.

"யாரும்மா வாங்குனது?"

"ஒங்கண்ணன்தான்" என்றாள்.