கமலநாயகியின் வாளி

அந்த ஆர்மேனியச் சபைக்கு முப்பது ஆண்டுகளாக ஜெர்மனியின் பீலெஃபெல்டில் இரவல் தேவாலயம்தான். சாவி, காவலாளி செல்வராசாவிடம். ஆகஸ்டில் பாதிரியார் திராட்சையை ஆசீர்வதிக்கும்வரை அவர்களில் எவரும் அதில் ஒரு பழம்கூடத் தின்னமாட்டார்கள்.

இந்த ஆண்டு அந்த நாள் காலையில் செல்வராசா வந்து பார்த்தபோது திராட்சைப் பெட்டிகள் காலி. அவர் மனைவி கமலநாயகி ஒரு வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா முழிக்கிறியள்? படைக்கிற பழம்தானே? வாழைப்பழமும் தேனும் போட்டுப் பஞ்சாமிர்தம் ஆக்கிட்டன்."

"ஐயோ, முழுப்பழமெல்லோ வேணும்! என்ரை வேலை போச்சு!"

"இனிப் பிரிக்க ஏலாது."

பாதிரியார் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "யாராவது ருசி பார்த்தீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டார். செல்வராசா அதை மனைவியிடம் தமிழில் கேட்டார்.

கமலநாயகிக்குக் கோபம் வந்தது. "சாமிக்கு முதல் நான் வாயில வைப்பனோ?"

செல்வராசா அதை மொழிபெயர்த்ததும் பாதிரியார் சிரித்து, சிலுவையை உயர்த்தி வாளியை ஆசீர்வதித்தார். சபையே கரண்டி தேடி ஓடியது.