கலங்கின கற்கண்டு

மூவார் பட்டணத்துச் சந்தைப் பக்கம் ஐயாசாமி காய்ச்சும் கற்கண்டு என்றால் தனி மவுசு. தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எதிரே நிற்பவன் முகம் தெரியும் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். ஆனாலும் அவனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. மனைவி கருப்பாயி காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். ஏழு வயது மகள் ராசம்மா அவளோடு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். இவன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போவான், மடி நிறையக் கற்கண்டோடு.

ஒருநாள் அந்தத் தோட்டத்து லெட்சுமணன் தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, பாப்பாவுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. அண்ணி ஒங்கள ஒடனே வரச் சொன்னாங்க."

உடனே கிளம்பியிருக்கலாம். பாவி மனுஷன், கிளம்பவில்லை. இருந்த சரக்கெல்லாம் விற்றுப்போயிருந்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பதா என்று பாகு காய்ச்ச உட்கார்ந்துவிட்டான்.

நூல் கட்டிய பானையில் பாகை ஊற்றி, சாக்குச் சுற்றி, ஒரு வாரம் அசைக்காமல் வைக்க வேண்டும். பாகு மெல்ல ஆறினால்தான் கல்லும் மெல்ல வளரும். வளரும்போதே அழுக்கை வெளியே தள்ளிவிடும். இவனுக்கோ அவசரம். சாக்குச் சுற்றாமல் பானையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினான். மறுநாளே நூலில் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தது. எடுத்துக் கழுவினான், கலங்கல் போகவில்லை. ஒன்றை உடைத்தான். அடச்சே! உள்ளே பழுப்புப் பாகு. அவசரமாக வளர்ந்த கல், தள்ளவேண்டிய அழுக்கை விழுங்கி மேலே மூடிக்கொண்டிருந்தது. அதை எங்கே கழுவுவது?

கூடவே தங்கியிருந்த லெட்சுமணன் கெஞ்சினான். "இனிப்பாத்தானே இருக்கு? இதையே எடுத்துக்கிட்டு வாங்கண்ணே, போலாம்லா."

"சீக்குப் பிள்ளைக்கு இந்த அழுக்கையா குடுக்கச் சொல்றே? நீ முன்னால போ. நான் நல்லதா எடுத்துக்கிட்டு வர்றேன்."

மறுபடி காய்ச்சினான். பால் விட்டு அழுக்கு நீக்கி, சாக்குச் சுற்றி, பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டான். மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. தொட்டால் கெட்டுவிடுமே என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், அப்படியொரு கற்கண்டை அவனே அதுவரை பார்த்ததில்லை.

பஸ் பிடித்து, ஆயர் ஈத்தாமில் மாறி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். லயத்து வாசலில் பெண்கள் கூட்டம். அவனைக் கண்டதும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தாநாள்தான் பிள்ளையைப் புதைத்திருந்தார்கள்.

"பாப்பாவுக்குக் கல்கண்டு... இந்தத் தடவ ரொம்பச் சுத்தமா..." என்றான், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல்.

அழுது ஓய்ந்திருந்த கருப்பாயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கல்கண்ட யாருங்க கேட்டா? கடைசி வரைக்கும் அப்பா எங்க, அப்பா எங்கன்னு ஒங்களத்தானே கேட்டுக்கிட்டு இருந்தா."