தொழுகை முடிந்த பிறகு வந்த ஆமென்

அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் அன்று என் கைப்பேசியில் செபமாலை வரவில்லை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்த கையோடு பிலோமினா ரீச்சரின் குரல் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அன்று வந்தது அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணின் அழைப்பு. "ரீச்சர் மோசம் போயிட்டா. கதிரையில இருந்தபடியே. செபமாலை கையில கிடக்கு" என்றார். அந்தச் சாவுச் செய்திக்கு நான் முதலில் கேட்டது, "பக்கத்துல ஆரும் இருந்தாங்களா?" என்றுதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று குழுவில் இருந்த உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கல்முனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் நானும் அவரும் படிப்பித்தோம். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகும் கரையோரத்து வீட்டை விட்டு அசையாதவர். ஓய்வு பெற்றபின், வெளிநாடுகளில் ஞாயிற்றுக்கிழமை கூடக் கோயிலுக்குப் போக முடியாத நம் பிள்ளைகளுக்காக அந்தக் குழுவைத் தொடங்கினார். பாங்கு சொல்லித் தொழுகை முடியும்வரை பொறுத்திருந்துதான் செபமாலையை எடுப்பார். "எல்லாரும் ஒரே நேரத்தில கதைச்சாலும் கடவுளுக்குக் கேட்கும். எங்களுக்குத்தான் ஆள ஆள் கேட்காது" என்பார்.

செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி ஆமென் என்று முடிப்பது நம் வழக்கம். தனியே இருப்பவர்கள் இரண்டையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். நான் அப்படித்தான், அதுவும் பஸ் பிடிக்கிற அவசரத்தில். ரீச்சர் முன்பாதியை மட்டும் சொல்லிப் பதிவு செய்வார். பின்பாதிக்கு வேண்டிய நேரத்தைப் பேசாமல் விட்டுவிடுவார். தோஹாவிலும் மிலானிலும் இருப்பவர்கள் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். "பதில் வாற வரைக்கும் இடம் விட்டுத்தான் செபிக்கணும்" என்பது அவர் கட்சி.

தோஹாவில் வீட்டு வேலை செய்யும் மேரிதான் முதலில் எழுதினாள்: "ரீச்சர், உங்களோட இருந்து ஆரு ஆமென் சொல்ற?" நாங்களும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டோம். ரீச்சர் பேசாமல் விட்ட இடத்தில் மின்விசிறியின் சத்தம், தூரத்தில் கடல். பின்பாதி முடிய வேண்டிய நேரத்தில், தப்பாமல், ஓர் ஆண்குரல் மெதுவாக ஆமென் என்றது. கடலோடு போன கணவர்தான் என்று பலர் முடிவு கட்டினார்கள். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீட்டை ஆசீர்வதிக்கச் சொல்லி ஒருவர் ஆலோசனையும் சொன்னார்.

பயத்தைவிட என் வீம்பு பெரிது. ஒரு மாலை நானே போய் அவர் பக்கத்தில் இருந்துகொண்டேன். அவர் பதிவு செய்து முடிக்கும்வரை அறையில் வேறு குரல் இல்லை. சத்தியமாக இல்லை. பதிவைப் போட்டபோது அது இருந்தது. நான் செருப்பைத் தேடினேன். ரீச்சர் சிரித்தார். "இரு கா. எனக்குத் தெரிஞ்ச குரல்தான்" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய ஒரே மகன் யோசேப்பு, அடுத்த ஊரான மருதமுனையில் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்பி, இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவி, யூசுப் ஆனவன். பெயர் அவ்வளவாக மாறவில்லை. நம்முடைய முகங்கள்தான் மாறின. "இனி இந்தப் படலையத் தாண்டாத" என்று கோபத்தில் ரீச்சர் சொல்லிவிட்டார். அவனும் தாண்டவில்லை. உயிர்த்த ஞாயிறன்று நம் கோயில்களில் குண்டுகள் வெடித்த பிறகு, கோயிலில் அவர் பக்கத்தில் இருக்கவே சிலர் தயங்கினார்கள். "மகன் திரும்பி வர ஒரு பூசை ஒப்புக்கொடுங்களன்" என்றாள் ஒருத்தி. "என்ட புள்ள காணாமப் போகல்ல. மருதமுனையில இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அதே வாங்குப் பலகையில் முழங்காலில் இருந்தார் அவர். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. படலையை மட்டும் பூட்டாமல் விட்டார். "அவன் வருவானா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். என் மகள் கனடாவில் இருக்கிறாள். அவள் கோயிலை விட்ட நாளிலிருந்து நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. படலையைப் பூட்டாமல் சாத்திவிட்டு வந்தேன்.

ரீச்சரின் உடலை வீட்டில் வைத்திருந்தபோது சுற்றி இருந்து செபமாலை சொன்னோம். நான் முன்பாதி, மற்றவர்கள் பின்பாதி. எல்லோருடைய ஆமெனுக்கும் பிறகு, படலைப் பக்கமிருந்து இன்னோர் ஆமென் வந்தது. அங்கே வந்திருந்த குழுக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினோம். அந்தக் குரலேதான். தொப்பியோடு யூசுப் நின்றுகொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே எல்லோரும் வழிவிட்டார்கள். "அம்மா" என்று வந்து காலடியில் விழுந்தான்.

பிறகு தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நீ ஒவ்வொரு நாளும் வந்து வெளிய நிண்டு சொன்னியா?"

"இல்ல ரீச்சர். அண்டைக்குப் போனதுக்கு இண்டைக்குத்தான் வாறன். தொழுகை முடிஞ்சா அம்மா தொடங்குவா எண்டு சின்ன வயசில இருந்தே தெரியுந்தானே. எங்கட வீட்ட இருந்து மனசால கூடவே போவன். மத்ததெல்லாம் எனக்கு இப்ப சொல்லேலா. ஆமீன் சொல்லலாம். அத மட்டும் சொல்லுவன்."

அவனுடைய வீடு மருதமுனையில். அந்தக் குழுவில் அவன் இருந்ததுமில்லை. இதை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை, எனக்கு விளங்கவுமில்லை. ரீச்சர் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மகன் வருவானா என்று கேட்டவர், அவனுடைய பதிலைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து வந்து பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தக் குரல் இல்லை. மின்விசிறியும் கடலும் மட்டும்தான். மேரியும் தேடிப் பார்த்து, இல்லை என்றே எழுதினாள்.

இப்போது செபமாலையை நான் நடத்துகிறேன். தொழுகை முடியும்வரை பொறுத்திருக்கிறேன். முன்பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பிலோமினா ரீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். நேற்று மேரி கேட்டிருந்தாள்: "ரீச்சர், உங்கட பக்கத்தில ஆரும் இல்லையா?"

"இன்னும் இல்ல" என்று பதில் போட்டேன். மகள் இருக்கிற கனடாவில் அப்போது காலை நேரம்.