பாக் பைலும் என் கைப்பையும்

எண்பத்தாறாம் ஆண்டு. நல்லூரில் தனியார் வகுப்புகள் நடத்தும் ஒரு ரியூட்டரியில் ஆங்கில வினாத்தாள்களைக் கொம்பியூட்டரில் அடிக்கும் வேலை எனக்கு. கோப்பாயிலிருந்து சைக்கிளில் போய் வருவேன்.

எங்கள் தாளில் இருந்த இரண்டு கேள்விகள் பக்கத்து ரியூட்டரியின் தாளிலும் வந்துவிட்டன. பழைய சோதனைத் தாள்களிலிருந்து எல்லோரும் எடுக்கிற கேள்விகள்தான். எங்கள் முதலாளிக்கோ தாளை வெளியே கொடுத்த ஆளைப் பிடித்தாக வேண்டும். தாள்களைச் சேமித்து வைக்கும் என் பிளொப்பித் தட்டைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தாளுக்கும் அதே பெயரில், வாலில் ‘பாக்’ என்று இன்னொரு பைல்.

"உதென்ன, எல்லாத்துக்கும் ரெண்டு? ஆருக்குக் கொப்பி எடுத்துக் குடுக்கிறீர்?"

"நான் எடுக்கேல்லை சேர், அது தானாய் வாறது" என்றேன். கேட்டால்தானே! மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க என் கைப்பையை மேசையில் கொட்டினார். முகம் துடைக்கும் லேஞ்சி, சீப்பு, திருநீற்றுப் பொட்டலம். கள்ளி என்று பெயர் எடுத்தால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

அழுதுகொண்டு போயிருப்பேன். கோபம் விடவில்லை. புதுப் பிளொப்பி ஒன்றைப் போட்டு, அவரையே தன் பெயரை அடித்துச் சேமிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். ஒரு பைல் வந்தது. பிறகு அதையே திறந்து, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்துச் சேமிக்கச் சொன்னேன். அதை மட்டும் விரைவாக அடித்தார். இப்போது இரண்டு பைல்கள். ஒன்றின் வாலில் ‘பாக்’.

"சேர், இனி உங்கடை பையையும் கொட்டிப் பாப்பமோ?"

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். திருத்துவதற்கு முன் இருந்ததைக் கொம்பியூட்டரே அப்படி எடுத்து வைக்கிறது, புதியது பழுதானால் அதுதான் கைகொடுக்கும் என்று விளக்கினேன்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. எல்லாத்தையும் அழியும், இடத்தை அடைக்குது" என்றார். மன்னிப்பு? அந்தச் சொல் அவர் வாயில் வரவேயில்லை. அச்சாகி முடிந்த தாள்களின் பாக் பைல்களை மட்டும் அழித்தேன். மிச்சத்தை ஏன் விட்டேன் என்று அவர் கேட்கவுமில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

விளங்காத ஒன்றைக் கண்டால் முதலில் கேட்க வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன். ஆனால் பையைக் கொட்டிய அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் தேவையில்லை.