பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

ஊசியைத் தானே போட்டுக்கொள்ள அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். திருவள்ளூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டுக்கு, சர்க்கரை நோய் என்று அவள் முதலில் வந்தபோது நான்காம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுவார்கள். இவளோ தொடைச் சதையைப் பிடித்துக்கொண்டு, "வலிச்சா உங்கள திட்டிடுவேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டாள். வலித்திருக்கும். திட்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவள் செல்லம். அதைச் சொல்லி வார்டில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அவள் வீடு திருப்பாச்சூர் பக்கம். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாதாமாதம் அம்மாதான் கூட்டி வருவாள். மருந்திலோ சாப்பாட்டிலோ அவள் குறை வைத்ததே இல்லை. ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்கும் விஷயம் தெரியக்கூடாது. "பொட்டப்புள்ள சிஸ்டர். ஊசி போட்டுக்கினு கீதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பாள். எனக்குக் கோபம் தலைக்கேறும். "மொதல்ல அது உயிரோட இருக்கட்டும்மா" என்று கத்தியும் இருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

போன சித்திரையில் ஒரு காலை, அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அவள் கன்னத்தில் மஞ்சள், கை நிறைய வளையல். கண் சொருகியிருந்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே குனிந்தேன். அழுகிய பழ வாடை. உடம்பில் இன்சுலின் இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது.

வயதுக்கு வந்திருக்கிறாள். வழக்கப்படி வீட்டின் ஒரு மூலையில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஃபிரிட்ஜைத் திறந்தால் மருந்து கண்ணில் படுமே என்று அம்மா அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து முந்தானைக்குள் மறைத்து எடுத்து வருவாளாம். பிறகு வீடு நிறைந்துவிட்டது. அத்தைமார்கள் மாறி மாறி வெல்லம் போட்ட உளுந்தங்களியை ஊட்டினார்கள். பெண் மூலையை விட்டு நகரக்கூடாது. வாந்தி எடுத்தபோது, கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டிருக்கிறார்கள்.

"ஊட்ல நிக்க எடமில்ல சிஸ்டர். ராவிக்கு போட்டுடலாம், காலைல போட்டுடலாம்னு பாத்துக்கினே இருந்தேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளை அறையலாம் போல இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது.

டிரிப்ஸ் ஏற்றி, இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரல் நுனியைக் குத்திக் குத்தி ரத்தம் பார்த்தோம். ஒருவழியாகக் கண் திறந்தாள். இனி எதையும் மறைக்கமாட்டேன் என்று அம்மா மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியோடு அவள் கட்டிலுக்குப் போனேன். அம்மா டீ வாங்கப் போயிருந்தாள். ஆரணியிலிருந்து பார்க்க வந்த அத்தை ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள் அத்தை.

"காய்ச்சல் அத்தை."

கொஞ்சமும் தடுமாறவில்லை. என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பறமா வாங்க சிஸ்டர்."

அத்தையை வெளியே அனுப்பினேன். திரையை இழுத்துவிட்டு ஊசியை நானே போட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அங்கே திரை இழுக்க நான் இருக்கமாட்டேன்.