திருடுபோன பல்லவி

பல்லவியை யாரோ திருடுகிறார்கள் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை, உறுதியாகவே நம்பினேன். திருடியவர் யார் என்றுகூட மனதுக்குள் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், தலை பாதி நரைத்தவன், ஊரே விவரமானவன் என்று சொல்கிறவன் (அப்படிச் சொல்லும் ஊரில் முக்கால்வாசி நான்தான்) இப்படி நம்பியதற்குக் காரணம் என் அக்கா மகளின் கல்யாணம்.

பெண் நாசரேத். மாப்பிள்ளை திரேஸ்புரம். எங்கள் ஆட்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள், கோயிலில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள். தூக்கத்தில் எழுப்பிப் பாடச் சொன்னாலும் சுருதி தப்பாமல் பாடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். அவர்களும் நன்றாகப் பாடக்கூடியவர்கள்தான், ஆனால் அவர்கள் பாட்டு வேறு, எங்கள் பாட்டு வேறு. நிச்சயதார்த்தத்தன்று அக்கா வீட்டு ஹாலில் எங்கள் பக்கம் புத்தகம்கூட இல்லாமல் முழங்க, அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பெரியம்மைக்கு ஒரு பழக்கம் உண்டு. காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

"ஏளா, மாப்பிள்ள வீட்டுக்காரங்க எல்லாரும் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்காங்க?"

மாப்பிள்ளையின் அப்பா படகு வைத்திருக்கிறவர். கடல் காற்றை எதிர்த்துக் கத்திப் பேசியே பழகிய குரல் அவருக்கு. அந்த மனிதர் அன்றைக்கு இலையில் வைத்ததை அளைந்துவிட்டு, பாயசம் வருவதற்கு முன்பே வேனில் ஏறிப் போனார்.

சில நாள் கழித்து, தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகள், அதாவது கல்யாணப் பெண், போன் செய்தாள்.

"மாமா, நிச்சயத்தன்னைக்கு நடந்தது கோயில்ல நடக்கக் கூடாது."

"என்ன நடந்துச்சு? பாயசத்துல உப்பா?"

"வெளையாடாதீங்க மாமா. அவங்க அப்பா, 'நாங்க அங்க வந்து ஊமையா உக்காரணுமா'ன்னு கேட்டாங்களாம். கல்யாணத்துக்கு வந்து பின்வரிசையில இருந்துக்கிடுதேன்னு சொல்லுதாங்களாம். அவங்க முன்னால இருந்து பாடணும். நீங்கதான் ஏதாவது செய்யணும்."

நாசரேத்தில் எங்கள் கோயிலில் பாட்டைத் திரையில் காட்டும் வசதி உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல். கீர்த்தனையில் பல்லவி முதலில் வரும். பிறகு ஒவ்வொரு சரணத்தையும் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். திரையிலோ முதல் பக்கத்தில் பல்லவி வந்துவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் சரணம் மட்டும்தான். எங்களுக்கு மனப்பாடம், கவலையில்லை. புதிதாக வந்தவர் பாட்டின் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு சரணத்தின் கீழும் பல்லவியைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கல்யாணத்துக்குக் குறித்த பாட்டுகள் மட்டுமில்லை, கோயிலில் இருக்கும் எல்லாப் பாட்டுக்கும் ஒரேயடியாகச் சேர்த்துத் தருகிறேன் என்று நான் அறிவித்தேன். கேட்டதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பது என் வியாதி.

அந்தப் பாட்டுகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருந்தன. பயப்பட வேண்டாம், அது பெட்டிக்குள் பெட்டி வைக்கிற சமாச்சாரம்தான். துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டிக்குள் சரக்கு, எல்லாவற்றின் மேலும் பெயர் ஒட்டியிருக்கும் இல்லையா, அதே மாதிரி. பாட்டு என்று ஒரு பெரிய பெட்டி. அதற்குள் பல்லவி என்று ஒரு பெட்டி, சரணம் என்று சில பெட்டிகள். இப்படிக் கோப்புகளில் புதுப் பெட்டி சேர்க்கும் நிரல்கள் ஆபீசில் தினமும் ஓடுகின்றன. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதியவை. நான் அவற்றில் பெயரை மட்டும் மாற்றி மாற்றி நிபுணன் என்று பேர் வாங்கியவன்.

ஆகவே தைரியமாக உட்கார்ந்து சொந்தமாக எழுதினேன். பல்லவியைப் பிடி. முதல் சரணத்துக்குப் போ, அதன் கடைசியில் பல்லவியைச் சேர். அடுத்த சரணத்துக்குப் போ, அதன் கடைசியில் சேர். இப்படியே தீரும் வரை. ஓட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாப் பாட்டும் முடிந்தது. ஒரு கோப்பைத் திறந்து அடிப்பக்கம் போய்ப் பார்த்தேன். கடைசிச் சரணத்தின் கீழே பல்லவி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. போதும் என்று மூடிவிட்டேன். மேலே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. வெற்றி பெற்றவன் எதற்கு மேலே போவான்?

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை கோயிலில் ஒத்திகை. பாடகர் குழுவுக்கென்று தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு மனைவியோடு போனேன். மருமகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆர்கன் வாசிக்கிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். திரை என்றாலே அவருக்கு ஆகாது. "புத்தகத்தப் பாத்துப் பாடாதவன் படத்தப் பாத்தா பாடப் போறான்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவர் முன்னிசை வாசித்து முடித்தார். நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் நேராக முதல் சரணம் வந்தது. பல்லவி இல்லை.

"ஏலே, தல இல்லாம உடம்பு மட்டும் வந்துருக்கு" என்றார் வாத்தியார்.

முதல் சரணத்தின் கீழே பார்த்தேன். பல்லவி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசிச் சரணத்தின் கீழே மட்டும் இருந்தது. அடுத்த பாட்டைப் போட்டேன், அதிலும் அதே கதை. நான் கை வைப்பதற்கு முன்பு தொடக்கத்தில் ஒழுங்காக இருந்த பல்லவியும் சேர்ந்து காணாமல் போயிருந்தது. குழுவில் யாரோ சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை.

"நீங்க சரி பண்ணிருவீங்க மாமா" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வயரைக் கழற்றி, வாயால் ஊதி, மாட்டினேன். வைரஸ் இருக்கிறதா என்று தேட வைத்தேன். எழுத்துருவின் மேல் சந்தேகப்பட்டேன். கோயில் பணியாளரைக் கூப்பிட்டு மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் நிரலை மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அப்படியே. இன்னொரு தடவை ஓட்டினேன், இம்முறை மனம் திருந்தியிருக்கும் என்பதுபோல.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் காலையில் உள்ளே நுழைந்தபோது வாத்தியார் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் என்னவோ இருந்தது. திரை பிடிக்காதவர். கணக்கில் புலி. எல்லாம் பொருந்தியது. மெதுவாக அவர் பக்கம் போனேன்.

"சார், காலையில கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னீங்களே."

"ஆமா. அங்கனதான் காத்து வருது. அதையும் இப்ப நிப்பாட்டிட்ட."

"கையில பென் டிரைவ் மாதிரி ஏதோ..."

"வண்டிச் சாவி, லே."

சட்டைப்பையிலிருந்து எடுத்து ஆட்டிக் காட்டினார். நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஏலே, பல்லவியத் தூக்கிட்டுப் போயி நான் எந்தச் சந்தையில விக்கப் போறேன்?"

குழு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கூட்டத்தோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் பாதுகாப்பு என்பதால். பிறகு நான் கொண்டு வந்திருந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விட்டேன். மனைவி மக்ரூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"கல்யாணத்துக்கு உள்ள பாட்ட மட்டும் கையால டைப் பண்ணிருங்களேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"நிரல் எழுதத் தெரிஞ்சவன் எவனாவது கையால டைப் பண்ணுவானா?"

"அப்ப தெரியாதவங்களுக்குத்தான் வேல சீக்கிரம் முடியுது" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டாள்.

கோயிலிலிருந்து எனக்கு மெயிலில் அனுப்பிய பழைய கோப்புகள் கெடாமல் இருந்தன. அதில் ஒரு பாட்டை எடுத்தேன். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் நின்று கோப்பை எனக்குக் காட்டும்படி நிரலை மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் மின்விசிறியை நிறுத்தும் அனுபவம் எனக்குக் கிடைத்திருக்காது.

முதல் நிறுத்தம். தொடக்கத்திலிருந்த பல்லவி முதல் சரணத்தின் கீழ் வந்திருந்தது. தொடக்கம் காலி. இரண்டாம் நிறுத்தம். பல்லவி இரண்டாம் சரணத்தின் கீழே. முதல் சரணத்தின் கீழே வெற்றிடம். மூன்றாவதிலும் அதே. என் கண் முன்னாலேயே அது எழுந்து எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இது கல்யாண வீட்டுல நீங்க திரியுத மாதிரில்லா இருக்கு. ஃபோட்டோ எடுக்காங்கன்னா அங்கன நிப்பீங்க, பந்தி போடுதாங்கன்னா இங்கன உக்காந்துருப்பீங்க. எங்க பாத்தாலும் நீங்க இருக்கீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா ஆளு ஒண்ணுதான."

ஆள் ஒன்றுதான். நான் புதிதாகப் பல்லவி எதையும் செய்யவே இல்லை. இருந்த ஒன்றைப் பிடித்து இங்கே சேர், அங்கே சேர் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு பெட்டி ஒரே சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். புது இடத்தில் சேர் என்றால் பழைய இடத்திலிருந்து எடுத்துக்கொண்டுதான் போய்ச் சேரும். ஆபீசில் அந்தப் பழைய மனிதர் எழுதியதில் ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டி செய்து சேர்த்திருப்பார். நான் அந்த வரியைத் தினமும் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அதே வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் போனில், "சார், ஒரே கண்டெய்னர ரெண்டு கப்பல்ல ஏத்த முடியாது, இது சின்னப் பிள்ளைக்கே தெரியும்" என்று பாடம் நடத்தியிருந்தேன்.

சரி, ஒவ்வொரு சரணத்துக்கும் பல்லவியை நகல் எடுத்துச் சேர் என்று மாற்றினேன். ஓட்டினேன். இந்தத் தடவை மேலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சரணத்தின் கீழும் பல்லவி என்று பெயர் ஒட்டிய பெட்டி இருந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை. துறைமுகத்தில் இப்படிக் காலிக் கண்டெய்னர் வந்து இறங்கினால் நாங்கள் போடுகிற சத்தத்தில் கப்பலே திரும்பிப் போய்விடும். இங்கே யாரிடம் சத்தம் போடுவது? நகல் எடு என்று மட்டும் சொன்னால் பெட்டியை மட்டும்தான் எடுக்கும். உள்ளே இருப்பதோடு சேர்த்து எடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு சின்னச் சொல். அதையும் சேர்த்தேன்.

வெளியே வந்து திரையில் போட்டேன். தொடக்கத்தில் பல்லவி. முதல் சரணம், கீழே பல்லவி. இரண்டாம் சரணம், கீழே பல்லவி. வாத்தியார் கடைசி வரை பார்த்துவிட்டு, "ஆளு பிடிபட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

"பிடிபட்டான் சார். மில்லர்புரத்துல குடியிருக்கான்."

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னபடியே பின்வரிசைக்குத்தான் போனார். மருமகளின் வேண்டுகோள் என்று சொல்லி அக்கா போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்வரிசைக்குக் கூட்டி வந்தாள். பின்னாலேயே திரேஸ்புரத்து ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றேன். காற்று நன்றாகவே வந்தது.

முதல் பல்லவியை அவர்கள் பாடவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் சரணத்தின் கீழே அது மறுபடி வந்தபோது அங்கங்கே உதடு அசைந்தது. இரண்டாவது சரணம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. படகிலிருந்து கரைக்குக் கேட்கிற குரல். அடுத்த பல்லவிக்கு அவர் பின்னாலிருந்த வரிசைகள் எல்லாம் சேர்ந்துகொண்டன. எங்கள் ஆட்கள் பாடுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். பீடத்தின் முன்னால் மருமகள் தலையைக் குனிந்திருந்தாள், ஆனால் கன்னம் சிரித்தது. என் பெரியம்மை வழக்கம்போல் எல்லோருக்கும் கேட்கும்படி காதோடு சொன்னாள்.

"ஏலே, அவங்கள கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லு."

கடைசிச் சரணம் முடிந்தது, அதன் கீழிருந்த பல்லவியும் முடிந்தது. நான் திரையை அணைத்தேன். வாத்தியார் ஆர்கனிலிருந்து கையை எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா நிறுத்தவில்லை. பல்லவியை மறுபடி ஒருமுறை எடுத்தார், அவர் ஆட்கள் அத்தனை பேரும் கூடவே எடுத்தார்கள். வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாகக் கையை வைத்தார். திரையில் அப்போது ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.